வடிகால் வெட்டத் தேவையில்லை

அரபு நாட்டில் சாரல் அடிக்கும், மலை பச்சையாகும், மேகம் இறங்கி வந்து லாரிக் கண்ணாடியை மூடும் என்று நான் சொன்னால் இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. "அங்க மணலுதான்டா இருக்கும், அளக்காத" என்பார்கள். மஸ்கட்டிலிருந்து தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஓமன் நாட்டின் கடைக்கோடியில் சலாலா என்று ஓர் ஊர். அங்கே நான் ஏழு வருஷம் லாரி ஓட்டினேன். ஆனி மாதம் பிறந்துவிட்டால் அங்கே சாரல் பிடித்துக்கொள்ளும், ஆவணி வரை விடாது. தென்னந்தோப்பு உண்டு, வாழைக்கொல்லை உண்டு. சீர்காழிப் பக்கத்து ஆளைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால், கொஞ்ச தூரம் கொள்ளிடக் கரை என்றே நினைத்து நடப்பான். எதிரே ஒட்டகம் வரும்போதுதான் முழிப்பான்.

அந்த மலையில் ஏறி, அதற்கப்பால் இருக்கும் பாலைவனத்தைக் கடந்து, நான் ஊருக்கு ஓடிவந்த ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்தைக் காதால் கேட்பதற்காக வந்தேன். அது என் மனைவி சொல்ல வேண்டிய வாக்கியம். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியும் இருந்தாள். அதைக் கெடுத்து வைத்தவன் நான்.

எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, கதிர் அறுத்து எங்களை வளர்த்தவர். நான் முதல் தடவை வளைகுடா போய்விட்டு வந்த பிறகு மூன்று மா நிலம் வாங்கினோம். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி; வேலிக் கணக்கில் வைத்திருப்பவர்கள் அதை நிலம் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யார் பெயரிலும் பட்டா என்று ஒரு காகிதம் இருந்ததில்லை. அப்பா அதை மஞ்சள் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். நிலம் பள்ளம். ஐப்பசி கார்த்திகையில் மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் பயிர் முழுகிவிடும். தெரிந்துதான் வாங்கினோம், எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. புரட்டாசி கடைசியில் நான் மறுபடி விமானம் ஏறிவிட்டேன். கிளம்புகிற அன்று அப்பாவிடம் வரப்பைப் பற்றியும் வடிகாலைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினேன். அவளிடம் "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னேன். வாசலில் சொந்தக்காரர்கள் கூடி நின்றார்கள், எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே இரண்டு அறை விடலாம் போலிருக்கும்.

அப்போது ஊருக்கு ஊர் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் வந்திருந்தன. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவள் சீர்காழியில் ஒரு பூத்துக்கு வந்து நிற்பாள், நான் சலாலாவிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிடுவேன். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாத கூண்டு அது. உள்ளே பேசுவது வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும், எனக்குத்தான் கேட்காது.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஊரில் பேய்மழை என்று அங்கே தமிழ்க்காரர்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் எடுத்ததும் நலமா என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தேன்.

"மழை எப்படி?"

"பேஞ்சுக்கிட்டே இருக்குங்க. அஞ்சு நாளா விடல."

"வயலு என்னாச்சு? அப்பா போய்ப் பாத்தாரா?"

அவள் என்னவோ சொல்லத் தொடங்கினாள். இரைச்சலில் நாலைந்து வார்த்தை போய்விட்டது. கடைசியில் வந்தது மட்டும் தெளிவாகக் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முழுகாம இருக்குங்க" என்றாள்.

எங்கள் பக்கம் ஒரு பெண் கர்ப்பமாக இருப்பதை அப்படித்தான் சொல்வார்கள். முழுகாமல் இருக்கிறாள் என்றால், மாதாமாதம் தலைக்கு முழுகிக் குளிப்பது நின்றுவிட்டது என்று அர்த்தம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் வயலும் அதே வார்த்தையில்தான் முழுகும். வரிசையில் நின்ற ஆம்பளைகளுக்குக் கூச்சப்பட்டு, அவள் "நான்" என்று சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"அப்பாடா! வயித்துல பால வார்த்த" என்றேன். "கெழக்கால இருக்கறவங்களுக்கு?"

"என்னதுங்க?"

"கெழக்கால இருக்கறவங்களுக்கும் இப்படித்தானா, இல்ல நமக்கு மட்டுமா?"

"அவங்களுக்கு எப்படின்னு எனக்கு என்னங்க தெரியும்?"

"போய்ப் பாக்கறதுதானே. சரி, விடு. அப்பாகிட்டச் சொல்லி மொதல்ல வடிகால வெட்டிவிடச் சொல்லு. தேங்கி நின்னா அழுகிப் போயிடும்."

 அதற்குள் போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்தது. நான் சீட்டியடித்துக்கொண்டே அறைக்குப் போனேன்.

அறையில் என்னோடு இருந்தவர் ஒரு பாய். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். அதே கம்பெனியில் லாரி ஓட்டினார். என்னை மாப்ளே என்று கூப்பிடுவார். நல்ல உருவம், தெருமுனை வரை கேட்கிற சிரிப்பு. மீன் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "பாய், ஊருக்குப் பேசிட்டேன். முழுகாம இருக்காம்!" என்றேன்.

ஈரக் கையோடு ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "மாஷா அல்லா! எத்தன மாசம் மாப்ளே?"

"மாசமா? அஞ்சு நாளுதான் மழ."

பாய் என்னை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் முகத்தைப் பார்த்தார்.

"சொன்னது யாரு?"

"அவதான்."

"வயலப் பத்தியா சொன்னா?"

"வேற எதப் பத்தி…" என்றவன் அத்தோடு நின்றுவிட்டேன். தேங்கி நின்னா அழுகிப் போயிடும் என்று நான் சொன்னது என் காதிலேயே திரும்ப விழுந்தது. பாய் முதலில் சிரித்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் கையிலிருந்த மீன் வாடை என் சட்டையில் அப்படியே இருந்தது. சந்தோஷம்கூட எனக்கு நேராக வரவில்லை, அவமானத்தைத் தாண்டித்தான் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். பூத்துக்காரர் எடுத்து, "இன்னிக்கு அவங்க வரலீங்களே" என்றார். அதற்கடுத்த வாரம் அப்பா வந்தார். மூச்சு வாங்கப் பேசினார். "பயிரு தப்பிச்சுச்சுடா. மருமவப் புள்ள போன்ல பேச வரமாட்டேங்குது. என்னடா சொன்ன அதுகிட்ட?" என்று கேட்டார். அதை நான் எப்படி அப்பாவிடம் சொல்வேன். எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன், மன்னிப்பு மன்னிப்பு என்று. தை பிறந்து பதில் வந்தது. நீலக் காகிதத்தில் நாலே வரி.

"வயல் முழுகவில்லை. முழுகாமல் இருப்பது நான். வடிகால் வெட்டத் தேவையில்லை. மறுபடி போனில் சொல்ல மாட்டேன், நேரில் வந்தால் சொல்கிறேன்."

படித்துவிட்டு நான் சிரித்தேன், பிறகு அழுதேன். நாற்பது நாள் கூட இருந்தவளின் குணம் அந்த நாலு வரியில்தான் எனக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட ஒருத்தியோடு பேசாமல் வரப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது. பாயிடம் காட்டினேன். அவர் வாயிலிருந்து அது கம்பெனி முழுக்கப் போயிற்று. சந்தைக்குப் போனால், டீசல் போட நின்றால், "என்ன மாப்ளே, வடிகால் வெட்டியாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். கோபம் வரும். ஆனாலும் என் பெண்டாட்டியைப் பற்றிய பேச்சு அந்த ஊரில் வேறு ஏது? கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் போய் அவள் முன்னால் நிற்க வேண்டும். அவள் அதைச் சொல்ல வேண்டும், நான் ஒழுங்காகக் கேட்க வேண்டும். பிறந்த பிறகு போனால் பிள்ளையைப் பார்க்கலாம், அந்த வாக்கியத்தைக் கேட்க முடியாது. ஆஸ்பத்திரியில் ஆனி கடைசி என்று சொல்லியிருந்தார்கள்.

ஆனால் எங்கள் ஒப்பந்தம் இரண்டு வருஷம். நடுவில் லீவு கிடையாது. அர்பாப் என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி, மலைக்கார அரபி. மாசியிலிருந்து தினம் அவர் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த அரபியில் மனைவி, பிள்ளை, போகணும் என்ற மூன்று வார்த்தையை மாற்றி மாற்றிச் சொன்னேன். "எல்லாருக்கும்தான் பிள்ளை பிறக்கிறது" என்பார். நியாயம்தான். நியாயத்தைக் கேட்டுக்கொண்டு அடுத்த நாளும் போய் நிற்பேன். வைகாசி கடைசியில் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் முப்பது நாள் கொடுத்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. மஸ்கட்டுக்குப் போகும் இளநீர், வாழைத்தார் லோடை நான்தான் ஓட்டிக்கொண்டு போய் இறக்க வேண்டும். பாய் கூட வந்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவார். அங்கே ஆபீஸில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கொடுப்பார்கள்.

ஆனி ஒன்பதாம் தேதி விடியற்காலை கிளம்பினோம். சாரல் தொடங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. சலாலாவை விட்டதும் ரோடு மலையில் ஏறும். வளைவுக்கு வளைவு மேகம் கெட்டியாகிக்கொண்டே வந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒட்டகங்கள் ரோட்டின் நடுவில் ஈரத்தை அனுபவித்துக்கொண்டு நின்றன. ஹார்ன் அடித்தால் என்னைத்தான் திரும்பிப் பார்க்குமே தவிர நகராது. இரண்டு பக்கமும் அப்போதுதான் முளைத்த புல். கண்ணாடியை இறக்கினேன். மழை விழுந்த மண் வாசனை உள்ளே வந்தது. முதல் தண்ணீர் பாய்ந்த அன்று எங்கள் வயலில் வருகிற வாசனை.  வெறும் மணலாக இருந்தால் ஒருத்தன் மனதைக் கட்டிப்போட்டுப் பிழைத்துக்கொள்வான். இந்த ஊர் வருஷத்துக்கு மூன்று மாதம் நம் ஊர் மாதிரி நடித்துக் காட்டி உயிரை வாங்கும்.

"மாப்ளே, எறங்கிப் பாத்துட்டு வா. அர்பாப் கொல்லை முழுகாம இருக்கான்னு" என்றார் பாய்.

"பாய், வண்டிய மலையிலேர்ந்து உருட்டி விட்டுடுவேன்."

"உருட்டு. வாழைத்தாரு மேலதான் விழுவேன்."

மலை உச்சியில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கோடு என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் மேகம், புல், சாரல். அந்தப் பக்கம் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. வண்டியின் முன்சக்கரம் வெயிலில் இருக்கும்போது பின்சக்கரம் ஈரத்தில் இருக்கும்.  கண்ணாடியில் இருந்த ஈரம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. சரிவில் சாம்பிராணி மரங்கள் நின்றன. பட்டை உரிந்து குட்டையாக இருக்கும். நம் வீட்டுத் தூபக்காலில் புகைவது இப்படி ஒரு காய்ந்த இடத்திலா பிறக்கிறது என்று முதல் தடவை பார்த்தபோது ஆச்சரியப்பட்டேன்.

அதற்கப்புறம் பாலைவனம். கதைகளில் வருகிற மணல்மேடு கிடையாது. சப்பையான சரளைக் கட்டாந்தரை. அறுநூறு கிலோமீட்டர் ரோடு நேராகப் போகும், ஸ்டியரிங்கைத் திருப்புகிற வேலையே இல்லை. நிழல் என்று பார்த்தால் எங்கள் வண்டியின் நிழல் ஒன்றுதான். அங்கே பேசாமல் ஓட்டினால் தூக்கம் வந்துவிடும், அதனால் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாய்க்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் பிறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் போய்ப் பார்த்தார். அந்தக் கதையை எனக்கு முன்பே பலதடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் சொன்னார். அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா, உம்மா என்றால் அம்மா.

"வாசப்படியில நிக்கிறேன். புள்ள ஓடியாந்து பாக்குது. ஒங்க அத்தா வந்திருக்காங்கன்னு அதோட உம்மா சொல்லுறா. அது உள்ள ஓடிப்போயி என் போட்டாவ எடுத்துக்கிட்டு வந்து, இதுதான் அத்தாங்குது. என்னய மாமாங்குது. திரும்பி வர்ற வரைக்கும் மாமாதான் மாப்ளே. ரெண்டு மாசமும் மாமாதான்."

எப்போதும் இந்த இடத்தில் அவர் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அவரே பேச்சை மாற்றினார்.

"அது கெடக்கட்டும். ஒம் பொண்டாட்டி சொன்னதும் நீ என்ன பதில் சொல்லப் போற?"

"அது அப்ப வரும்."

"ஒனக்கா வரும்? மறுபடி வடிகாலுன்னுதான் வரும். இப்பவே சொல்லிப் பாத்துக்க. நான்தான் ஒம் பொண்டாட்டி. நான் சொல்றேன், நீ பதில் சொல்லு."

தோளில் கிடந்த துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். தாடியோடு, அந்த உருவத்தோடு, குரலைத் தணித்து, என்னைப் பார்க்காமல் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு, "முழுகாம இருக்கேங்க" என்றார்.

விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும்.  ஆனால் ரோடு கலங்கிப் போயிற்று. வண்டியை ஓரம் கட்டினேன். ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதேன். ஏழு மாதமாக அவள் அந்த வாக்கியத்துக்குப் பதில் இல்லாமலே வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய் முக்காட்டை எடுத்து அதே துண்டை என்னிடம் நீட்டினார். "இதுவே நல்ல பதிலுதான்" என்றார். இறங்கி, மாற்றி உட்கார்ந்து, மீதித் தூரத்தை அவர் ஓட்டினார்.

சாயங்காலம் ஹைமா என்ற இடத்தில் நிறுத்தினோம். பாலைவனத்துக்கு நடுவில் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு கார்டு போன். பாய் தன் கார்டை எடுத்து நீட்டினார்.

"ஒரு வார்த்த பேசிட்டு வா. கெளம்பிட்டேன்னு சொல்லு. எப்படி இருக்குதுன்னு கேளு."

"வேணாம் பாய்."

"ஏன்டா?"

"போன்ல பேசித்தான் இந்த நெலமைக்கு வந்தேன். இனிமே நேருலதான்."

"புடிச்சா புடிச்ச புடி" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பிடிவாதத்தில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அவள் சொன்ன சொல்லை நானும் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேறு மலைகள் வந்தன. சலாலா மலை மாதிரி இல்லை, புல் பூண்டு இல்லாத கறுத்த பாறை, வெயிலில் செம்பு நிறம் அடித்தது. அதன் அடிவாரத்தில் நிஸ்வா என்ற ஊர். பேரீச்சந்தோப்புக்குள் பாறையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடும். முகம் கழுவ இறங்கினோம். ஒரு கிழவர் வாய்க்காலின் வாயில் திணித்திருந்த கந்தல் துணியையும் கல்லையும் எடுத்துவிட்டு, பக்கத்துத் தோப்புக்கு மடை திருப்பினார். நாம் மண்ணை வெட்டிப் போட்டு அடைப்போம், அங்கே துணி. அவ்வளவுதான் வித்தியாசம். என் முறை முடிந்தது, உன் முறை என்று பக்கத்துத் தோப்புக்காரரிடம் சைகை காட்டினார். நான் கணுக்கால் வரை அந்தத் தண்ணீரில் நின்றேன். மேட்டூர் அணை திறந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. ஆனியில் தண்ணீர் கல்லணைக்கு வந்திருக்கும். எங்கள் பக்கம் கடைமடை, எல்லாருக்கும் போக மிச்சம்தான் வரும். இந்த வருஷம் தண்ணீர் வரும்போது நானும் வயலில் நிற்பேன், அவளும் கரையில் நிற்பாள், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. பாய் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து ஹார்ன் அடித்தார்.

மஸ்கட்டில் லோடை இறக்கினோம். ஆபீஸில் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு பாய் என்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எதுவும் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். "நீ என்ன பதில் சொன்னேன்னு வந்து சொல்லு, அது போதும்" என்றார். திரும்பி லாரியில் ஏறினார். இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் அவர் தனியாக ஓட்ட வேண்டும். யாரோடு பேசிக்கொண்டு ஓட்டுவார் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

அந்த வாரம் கிடைத்த சீட்டு திருவனந்தபுரத்துக்குத்தான். இறங்கியதும் பஸ். நாகர்கோவில், மதுரை, திருச்சி என்று மாறி மாறி ஏறினேன். மடியில் பெட்டி. அந்தப் பக்கத்து மலைகளை எல்லாம் நான் பார்த்த நினைவே இல்லை. தஞ்சாவூரில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. டீக்கடையில் நின்றவர்களின் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான். "கல்லணை தொறந்து நாலு நாளாச்சு" என்றார் ஒருவர். அந்த டீக்கடைப் பேச்சே எனக்குத் தேன் மாதிரி இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருவரிடம் தமிழில், "இந்த வருஷம் பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெண்ணாற்றுப் பாலத்தில் போகும்போது கீழே கலங்கலாக நுரைத்துக்கொண்டு புதுத்தண்ணீர் போனது. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. வயல்களில் நாற்றங்காலுக்கு உழுதுகொண்டிருந்தார்கள். கும்பகோணத்தில் காவிரியிலும் தண்ணீர் வந்திருந்தது, கரையோரம் மட்டும் மெல்ல நக்கிக்கொண்டு. ஆடுதுறை தாண்டி மயிலாடுதுறை வந்தேன். பாலத்தில் பஸ் ஏறியதும் எட்டிப் பார்த்தேன். ஆற்றில் மணல் காய்ந்து கிடந்தது. மாடுகள் நடு ஆற்றில் படுத்திருந்தன. தண்ணீர் இன்னும் வரவில்லை.

தண்ணீரை முந்திவிட்டேன். எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், "சீர்காழிக்குத் தண்ணி வர எத்தன நாளாகுங்க?" என்று கேட்டேன். "மொற வெச்சு விடுறாங்க, இன்னும் ஒரு வாரம் ஆவும்" என்றார். ஏதோ எனக்காகத்தான் முறை வைத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பட்டது. ஆனி பன்னிரண்டு. கடைசிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. பஸ்ஸிலேயே மெல்ல வாய்க்குள் பதிலைச் சொல்லிப் பார்த்தேன். "ரொம்ப சந்தோஷம். ஒடம்பு எப்படி இருக்கு? என்ன சாப்புடற?" இந்த மூன்றும்தான். ஆயிரம் கிலோமீட்டர் யோசித்ததில் இதைவிட நல்லதாக எனக்கு எதுவும் வரவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அவள் சீர்காழியில் அவர்கள் வீட்டில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன், ஓடினேன் என்று சொன்னாலும் தவறில்லை. வாசல் கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. கொடியில் பாய், போர்வை, புடவை என்று வீட்டிலிருந்த அத்தனை துணியையும் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. பொங்கல், தீபாவளி எதுவும் இல்லையே, எதற்காக இப்படி என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவள் கொல்லைப்புற வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முடி விரிந்து ஈரமாகத் தொங்கியது. மாமியார்தான் முதலில் பார்த்தார்.

"மாப்ள! வாங்க, வாங்க! காயிதம் கெடச்சுதா? பொண்ணு பொறந்திருக்குங்க. நாலு வாரம் முந்திக்கிட்டுது. இன்னிக்குப் பதினோராம் நாளு, இப்பத்தான் தலைக்கு ஊத்தித் தீட்டுக் கழிச்சோம். நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க, புள்ளயத் தொடலாம்."

மலையில் ஒட்டகத்துக்கு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த அன்று என் மகளுக்கு எட்டு நாள். பிறந்த சேதி சொல்லும் கடிதம் நான் திரும்பிப் போனபோதுதான் என் கட்டில் மேல் கிடந்தது. ஹைமாவில் அந்தக் கார்டை வாங்கிப் பூத்துக்குப் பேசியிருந்தால் பூத்துக்காரரே சொல்லியிருப்பார்.

மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தூங்கியது. மஞ்சளும் சாம்பிராணியுமாக மணத்தது. சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் எதையோ பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினவன் மாதிரி நின்றேன். மாமியார் காப்பி போட உள்ளே போனார். அவள் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்து அதற்குத் தயாராக வந்திருந்தேன். கோபம் இல்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழந்தை எழுந்துவிடும் என்று மெல்லக் கேட்டேன்.

"அன்னிக்குப் போன்ல சொன்னத ஒரு தடவ சொல்லேன்."

"எத?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. நேருல வந்தா சொல்றேன்னு எழுதினியே. அதுக்குத்தான் வந்தேன்."

அவள் ஈர முடியை முன்னால் எடுத்துப் போட்டு, நுனியிலிருந்த தண்ணீரைப் பிழிந்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத இனிமே எப்படிங்க சொல்றது? இப்பத்தானே முழுகினேன்."